அந்தக் காலமா, இந்தக் காலமா? – பெங்களூர்த் தமிழர் வாழ்வை முன்வைத்து ஒரு கணக்கு

சங்கக் கூட்டம் முடிந்து காபி குடிக்கும் வேளையில் பெரியவர்கள் பேச்சு தவறாமல் ஓரிடத்துக்கு வந்து சேரும். "எங்க காலத்துல நூத்தி இருபது ரூபா சம்பளம். ஒரு பவுன் வாங்கினாலும் கையில மிச்சம் இருக்கும். இப்ப அம்பதாயிரம் வாங்குறவன் ஒரு பவுன் வாங்கிடுவானா?" என்பார்கள். கேட்டுக்கொண்டிருக்கும் இளைஞர்களுக்குப் பதில் சொல்லத் தெரிவதில்லை. மனத்துக்குள் மட்டும் 'இவங்க காலத்துல ஃபேன் கூட கிடையாதே' என்று நினைத்துக்கொள்வார்கள். இரண்டு தரப்பும் பேசுவது ஒரே விஷயத்தைப் பற்றித்தான். அதற்கு வாழ்க்கைத் தரம் என்று பெயர். ஒரு காலத்தின் வாழ்க்கைத் தரத்தை இன்னொரு காலத்தோடு ஒப்பிட முடியுமா, முடியுமென்றால் எந்த அளவுகோலால் என்பதை நம் பெங்களூரை வைத்தே பார்க்கலாம் என்று இக்கட்டுரையைத் தொடங்குகிறேன்.

முதலில் பவுன் கணக்கு. கணக்காக மட்டும் பார்த்தால் பெரியவர்கள் சொல்வது சரிதான். 1960-இல் 10 கிராம் தங்கம் ஏறக்குறைய 112 ரூபாய். அப்படியானால் 8 கிராம் கொண்ட பவுன் 90 ரூபாய்க்குள் அடங்கிவிடும். 2025 செப்டம்பரில் ஒரு பவுன் ஆபரணத் தங்கம் 80 ஆயிரம் ரூபாயைத் தாண்டியது. ஆக, அன்று 120 ரூபாய் வாங்கியவர் இன்று லட்ச ரூபாய்க்கு மேல் வாங்குபவருக்குச் சமம் என்றாகிறது. ஆனால் அவர் அப்படியா வாழ்ந்தார்? ஓட்டு வீடு, தெருமுனையில் பொது நல்லி, வீட்டில் ஒரே ஒரு நாற்காலி (அதுவும் விருந்தாளிக்கு) என்று இருந்தவரை லட்ச ரூபாய்ச் சம்பளக்காரர் என்று சொன்னால் அவரே சிரிப்பார்.

கோளாறு அளவுகோலில் இருக்கிறது. அன்று ஒரு அவுன்ஸ் தங்கம் 35 டாலர் என்று அமெரிக்கா கட்டி வைத்திருந்தது. 1971-இல் அந்தக் கட்டை அவிழ்த்துவிட்டார்கள். அதன் பிறகு போர், எண்ணெய் விலை, பயம் என்று எது வந்தாலும் தங்கம் ஏறியது. நம் சம்பளத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. முழக்கோலே நீளுகிறது, சுருங்குகிறது என்றால் அதை வைத்துத் துணியை எப்படி அளப்பது?

சரி, தங்கம் வேண்டாம், தானியத்தால் அளப்போம் என்றார்கள் பொருளாதார வரலாற்று அறிஞர்கள். ஒருநாள் கூலிக்கு எத்தனை படி அரிசி அல்லது ராகி கிடைத்தது என்று பார்ப்பது. இதற்குப் பழைய சான்றுகள் ஓரளவு உண்டு. திப்பு சுல்தான் வீழ்ந்த மறு வருடம், 1800-இல், பிரான்சிஸ் புக்கானன் என்ற மருத்துவர் கும்பினி அரசு அனுப்பிச் சென்னையிலிருந்து கிளம்பி மைசூர், மலபார், கன்னடக் கரை என்று சுற்றினார். பெங்களூருக்கும் வந்தார். நெசவாளி, எண்ணெய் ஆட்டுபவர், உழவர் என்று ஒவ்வொரு தொழிலாக உட்கார்ந்து விசாரித்து எழுதினார். 1807-இல் மூன்று பாகங்களாக வந்த அந்த நூல் இன்றும் ஆராய்ச்சியாளர்களுக்குச் சுரங்கம். தமிழ்நாட்டுத் தறிகளைப் பற்றி எழுதிய பிரசன்னன் பார்த்தசாரதி, பதினெட்டாம் நூற்றாண்டுத் தென்னிந்திய நெசவாளியின் கூலியைத் தானியமாக மாற்றிப் பார்த்தால் அது அன்றைய இங்கிலாந்து நெசவாளியின் கூலிக்குக் குறைந்ததல்ல என்று வாதாடினார். இல்லை, அப்போதே நாம் பின்தங்கிவிட்டோம் என்று பிஷ்ணுப்பிரியா குப்தாவும் ஸ்டீபன் பிராட்பெரியும் மறுத்தார்கள். சண்டை இன்னும் ஓயவில்லை. எனக்கு இதில் ஒரு சிறு சந்தேகம் எப்போதும் உண்டு. கூலி கிடைத்த நாளின் கூலியை ஒப்பிடுகிறோம். தறி ஓடாத நாட்களை யார் எழுதி வைத்தார்கள்?

தானியத்தையும் தாண்டி, நாட்டின் மொத்த வருமானத்தையே கணக்கிட்டவர் அங்கஸ் மாடிசன். 1990-ஆம் ஆண்டு டாலர் மதிப்பில், இந்தியரின் சராசரி ஆண்டு வருமானம் 1600-இல் 550, 1820-இல் 533 என்று எழுதினார். அக்பர் காலத்து உழவனின் வருமானத்தை டாலரில் சொல்லும் துணிச்சலை மெச்சலாம். அந்த 533-இல் கடைசியாக நிற்கிற 3 எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேட்கக் கூடாது! ஆனால் இருபதாம் நூற்றாண்டுக்கு வரும்போது அவர் காலடியில் தரை கொஞ்சம் கெட்டி. 1913-இல் 673, 1950-இல் 619 என்கிறார். அதாவது அந்த 37 ஆண்டுகளில் சராசரி இந்தியர் ஏழையாகியிருக்கிறார்.

அதே ஆண்டுகளை வேறொரு கணக்கில் பாருங்கள். மக்கள்தொகைக் கணக்குகளைத் துருவி கிங்ஸ்லி டேவிஸ் என்ற அறிஞர் 1951-இல் ஒரு நூல் வெளியிட்டார். அதன்படி 1901–11 காலத்தில் இந்தியாவில் பிறந்த குழந்தையின் சராசரி ஆயுள் சுமார் 23 ஆண்டு. விஷக்காய்ச்சல் வந்த 1911–21 காலத்தில் 20. சுதந்திரம் வந்ததை ஒட்டிய பத்தாண்டில் அது 32 ஆகிவிட்டது. கையில் காசு குறைந்தது, ஆயுளோ பத்து வருடம் கூடியது. இந்த இடத்தில்தான் 'அந்தக் காலமா, இந்தக் காலமா' என்ற கேள்வி சுவாரசியமாகிறது.

இருபத்து மூன்று வயது என்றால் என்ன?

இதில் ஒரு தெளிவு வேண்டும். சராசரி ஆயுள் 23 என்றால் அன்று எல்லாரும் 23 வயதில் செத்துப்போனார்கள் என்று அர்த்தமில்லை. என் பேத்தி ஒருமுறை, "அப்போ தாத்தாவோட தாத்தால்லாம் எப்படி இருந்திருக்க முடியும்?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. பத்துக் குழந்தைகள் பிறப்பதாக வைத்துக்கொள்வோம். நான்கு ஒரு வயதையொட்டிப் போய்விடுகின்றன. மீதி ஆறும் ஐம்பது வயது வரை வாழ்கின்றன. கூட்டிப் பத்தால் வகுத்தால் சராசரி 30 வரும். ஆனால் அந்தக் குடும்பத்தில் முப்பது வயதில் இறந்தவர் ஒருவருமில்லை. அந்தக் கால ஆயுள் கணக்கைக் கீழே இழுத்தது பெரும்பாலும் தொட்டில்தான்.

என் பாட்டி வாலாஜா பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு அல்சூருக்கு வந்தவர். யாராவது "எத்தனை பிள்ளைங்க ஆயா?" என்று கேட்டால் ஒரே மூச்சில் "பெத்தது ஒம்பது, இருக்கிறது அஞ்சு" என்பார். குரலில் ஏற்ற இறக்கம் இருக்காது. அவர் வயதுப் பெண்கள் எல்லோருமே அப்படி இரண்டு எண்களாகத்தான் பதில் சொன்னார்கள். இந்தியாவில் 1971-இல் கூட உயிரோடு பிறந்த 1000 குழந்தைகளில் 129 முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. 2020-இல் அது 28. கர்நாடகத்தில் 19, தமிழ்நாட்டில் 13. சராசரி ஆயுள் இப்போது 70. பெற்ற பிள்ளை இருக்கும் என்று ஒரு தாய் நம்பிப் பெயர் வைக்க முடிகிற நிலைமையை எத்தனை பவுனுக்குச் சமமென்று எழுதுவது?

பணத்தால் இதை வாங்கவும் முடிந்ததில்லை என்பதற்கு வெளியுலகில் ஒரு நல்ல உதாரணம் உண்டு. நேத்தன் ராத்ஸ்சைல்டு அன்றைய உலகின் பெரும் பணக்காரர்களில் முதல் வரிசை. லண்டனில் வங்கி நடத்தியவர். 1836-இல் ஒரு சீழ்க்கட்டி புரையோடி இறந்தார். இன்று சிவாஜி நகரில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் மாத்திரை அன்று அவருடைய மொத்தச் சொத்துக்கும் கிடைக்கவில்லை. விலைப்பட்டியலில் இல்லாத பொருளுக்கு என்ன விலை போட்டு இரண்டு காலங்களை ஒப்பிடுவது? அதனால்தான் மாரிஸ் டேவிட் மாரிஸ் 1979-இல் வருமானத்தையே ஒதுக்கிவிட்டு, எழுத்தறிவு, சிசு மரணம், ஒரு வயதைத் தாண்டியவரின் ஆயுள் என்ற மூன்றை மட்டும் வைத்து ஒரு குறியீட்டெண் அமைத்தார். அவர் பம்பாய் ஆலைத் தொழிலாளர் வரலாற்றை எழுதியவர் என்பது நமக்குக் கூடுதல் நெருக்கம். பிறகு 1990-இல் மஹ்பூப் உல் ஹக்கும் நம் அமர்த்தியா சென்னும் சேர்ந்து உருவாக்கிய மனிதவள மேம்பாட்டுக் குறியீட்டெண் வந்து இதை மறைத்துவிட்டது.

தண்டும் பேட்டையும்

நம்மவர்கள் பெங்களூருக்குப் பெருமளவில் வந்தது 1809-இல் ஆங்கிலேயர் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து படையை இங்கே மாற்றிய பிறகு. பட்டாளத்தோடு வந்த சிப்பாய், சமையல்காரர், கட்டட மேஸ்திரி, வண்ணார், கான்ட்ராக்டர் முதலியார் என்று 'தண்டு' தமிழ் பேசியது. பழைய பேட்டை கன்னடமும் தெலுங்கும் பேசியது. 1876-இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் இரண்டு பக்கத்தையும் சமமாக அடித்தது. மைசூர் ராஜ்யத்தில் 1871-இல் 50 லட்சத்துக்குச் சற்று மேலிருந்த மக்கள்தொகை 1881-இல் 42 லட்சத்துக்கும் கீழே இறங்கியது. சென்னை மாகாண நிவாரண வேலைகளில் ரிச்சர்டு டெம்பிள் நிர்ணயித்த கூலி ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும். ஒரு பவுண்டு என்பது 450 கிராம். அதைத் தின்றுவிட்டு நாள் முழுக்கக் கல் உடைக்க வேண்டும். பொற்காலம் என்று பேசும்போது இந்த 450 கிராமும் நினைவில் இருக்கட்டும்.

அடுத்த அதிர்ச்சி 1898 ஆகஸ்டில் வந்தது, பிளேக். 1891-இல் பேட்டையும் தண்டும் சேர்ந்து 1 லட்சத்து 80 ஆயிரம் பேர் இருந்த ஊர் 1901-இல் 1 லட்சத்து 59 ஆயிரமாகச் சுருங்கியது. செத்தவர் பாதி, ஊரைவிட்டு ஓடியவர் பாதி என்று வைத்துக்கொண்டாலும் இந்த நகரத்தின் வரலாற்றில் அதற்குப் பிறகு அப்படியொரு இறக்கம் கிடையாது. பிளேக் மாரியம்மன் என்ற பெயரில் இங்கே கோயில்கள் இருப்பது வெளியூர்க்காரர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். அவை அந்தக் காலத்துச் சுகாதார அறிக்கைகள் என்று நான் சொல்வதுண்டு. மல்லேஸ்வரம், பசவனகுடி போன்ற காற்றோட்டமான பகுதிகளில் ஜனங்கள் குடியேறியதற்கும், 1910-இல் பிரேசர் டவுன் உருவானதற்கும் அந்த எலிக்காய்ச்சல் பயமே பெரிய காரணம்.

ஆச்சரியம் என்னவென்றால் இதே ஆண்டுகளில்தான் ஊருக்கு நல்ல காலமும் பிறந்தது. திவான் சேஷாத்ரி ஐயர் பாலக்காட்டுத் தமிழர். அவர் முயற்சியில் 1896-இல் ஹெசரகட்டா ஏரியிலிருந்து குழாய்த் தண்ணீர் வந்தது. சிவசமுத்திரத்தில் எடுத்த மின்சாரம் 1902-இல் முதலில் கோலார் தங்கவயலுக்குத்தான் போனது. அங்கே சுரங்கத்தில் இறங்கியவர்கள் பெரும்பாலும் நம் வடஆற்காடு ஜில்லாக்காரர்கள். 1905 ஆகஸ்டில் பெங்களூர்த் தெருவில் விளக்கு எரிந்தது. பிளேக் அகதிக் கொட்டகையும் மின் விளக்கும் ஒரே ஊரில், ஒரே தலைமுறையில். 'அந்தக் காலம்' என்று ஒருமையில் சொல்கிறோமே, அதில் எந்தக் காலம்?

தண்ணீரைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஹெசரகட்டா வற்றத் தொடங்கியதும் 1933-இல் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கம். அதுவும் போதாமல் 1974-இல் காவிரி. நூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஓடும் ஆற்றை ஏறக்குறைய 500 மீட்டர் மேலே ஏற்றி நம் சமையலறைக்குக் கொண்டுவருகிறார்கள். வீட்டுக்குள் நல்லி வரும் முன் ஒரு பெண் தினமும் இரண்டு மணி நேரம் தண்ணீருக்கு நின்றாள் என்று வைத்துக்கொண்டால், முப்பது வருடத்தில் 21,900 மணி நேரம். அதாவது இரவு பகல் பாராமல் இரண்டரை வருடம்! எந்தத் தேசிய வருமானக் கணக்கிலும் இந்த இரண்டரை வருடம் வரவு வைக்கப்படவில்லை, ஏனென்றால் செலவும் எழுதப்படவில்லை. விளக்குக்கும் இப்படித்தான். விலைக் குறியீட்டெண்கள் மெழுகுவர்த்தி விலையையும் மண்ணெண்ணெய் விலையையும் பார்த்தன. வெளிச்சத்தின் விலையைப் பார்க்கவில்லை என்று 1996-இல் வில்லியம் நோர்டாஸ் காட்டினார். ஒரு மணி நேர உழைப்புக்கு எவ்வளவு வெளிச்சம் கிடைக்கிறது என்று பார்த்தால் இரு நூற்றாண்டுகளில் ஏற்பட்ட முன்னேற்றம் வழக்கமான கணக்குகள் காட்டுவதைவிடப் பன்மடங்கு பெரிது என்பது அவர் முடிவு. பின்னாளில் நோபல் பரிசு பெற்றவர்.

எனவே நான் வந்தடையும் கருத்து இது: இந்த ஊரில் ஆயுள் கூடியதற்குச் சம்பள உயர்வைவிட, எல்லோருக்கும் பொதுவாக வந்த காரியங்களே பெரிய காரணம். நல்லி, சாக்கடை, அம்மை ஊசி, ரேஷன் கடை, பிரசவ ஆஸ்பத்திரி. வருமானம் குறைந்த 1913–50 காலத்தில் ஆயுள் ஏறியதற்கும் இதுவே பெருமளவு விளக்கம். பிளேக் ஓய்ந்தது, பஞ்சத்தைக் கட்டுப்படுத்தக் கற்றுக்கொண்டார்கள் (1943 வங்காளம் கொடிய விதிவிலக்கு). பெரியம்மை 1975-இல் இந்திய மண்ணைவிட்டுப் போயிற்று. 1901-இல் இந்தியப் பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் நூற்றுக்கு ஒருத்தி கூட இல்லை. 2011-இல் 65 பேர். இதையெல்லாம் ஒருவர் தன் சம்பளத்தில் கடைக்குப் போய் வாங்கிவிட முடியாது.

உணவு விஷயத்தில் மட்டும் நான் அவ்வளவு உற்சாகப்படமாட்டேன். நகர்ப்புறக் குடும்பச் செலவில் சாப்பாட்டின் பங்கு 1999–2000-இல் 48 சதவீதம். 2022–23-இல் 39. பங்கு குறைவது வசதியின் அடையாளம் என்பது பழைய விதி. ஆனால் உடம்பு வேறு கதை சொல்கிறது. 1896-இல் பிறந்தவர்களையும் 1996-இல் பிறந்தவர்களையும் ஒப்பிட்ட உலக ஆய்வு ஒன்று 2016-இல் வந்தது. நூறு வருடத்தில் தென்கொரியப் பெண்கள் 20 சென்டிமீட்டர் வளர்ந்துவிட்டார்கள். இந்தியப் பெண்கள் 5, ஆண்கள் 3. அரிசி வந்தது, பருப்பும் பாலும் முட்டையும் எல்லாத் தட்டுக்கும் வந்து சேரவில்லை.

கழித்தல் கணக்கு

கூட்டலை மட்டும் சொல்லி முடித்தால் பெரியவர்களுக்கு அநியாயம் செய்ததாகும். அவர்கள் ஏங்குவது வெறும் பவுனுக்காக அல்ல. மெஜஸ்டிக் பஸ் நிலையம் ஒரு காலத்தில் தர்மாம்புதி ஏரி. கண்டீரவா ஸ்டேடியம் சம்பங்கி ஏரி. பெல்லந்தூர் ஏரியில் நுரை பொங்கியதையும் 2017, 2018-இல் ஏரியே தீப்பிடித்ததையும் தொலைக்காட்சியில் பார்த்தோம். நடந்தே வேலைக்குப் போய் மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டவர்களின் பேரன்கள் தினமும் மூன்று மணி நேரம் வண்டியில் உட்கார்ந்திருக்கிறார்கள். பாட்டிக்கு நல்லி மிச்சப்படுத்திக் கொடுத்த நேரத்தைப் பேரனிடமிருந்து டிராபிக் பிடுங்கிக்கொண்டது.

இன்னொன்று, எந்தக் குறியீட்டெண்ணிலும் இல்லாதது. பயம். 1991 டிசம்பரில், காவிரி நடுவர் மன்ற இடைக்காலத் தீர்ப்பு அரசிதழில் வெளியானதை ஒட்டி நடந்த கலவரத்தில் நம்மவர் பல்லாயிரம் பேர் இந்த ஊரைவிட்டுப் போனார்கள். உயிர்களும் போயின. எங்கள் தெருவில் எதிர்வீட்டுக் கன்னடக் குடும்பம் எங்கள் வீட்டுப் பெண்களை இரண்டு இரவு தங்கள் பூஜை அறையில் படுக்க வைத்துக் காப்பாற்றியது. அந்த வருடமும் சிசு மரணம் குறைந்தது, வருமானம் இருந்தது, எல்லாக் குறியீடும் ஏறுமுகம்தான். எங்கள் வீட்டு நல்லியில் வந்ததும் அதே காவிரி. பிறகு 2009 ஆகஸ்ட் 9-ஆம் தேதி, 18 ஆண்டுகள் மூடிக்கிடந்த திருவள்ளுவர் சிலை அல்சூர் ஏரிக்கரையில் திறக்கப்பட்டபோது கூட்டத்தில் அழுதவர்களைப் பார்த்தேன். அந்த அழுகைக்கு எத்தனை மதிப்பெண் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. போடாமல் விடுவதும் சரியில்லை.

கடைசியாக, சராசரி யாருடையது என்ற விஷயம். 2024 மார்ச்சில் இங்கே தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது அரசு ஆழ்துளைக் கிணறுகளில் ஏறக்குறைய பாதி வற்றியிருந்தன. காவிரி ஐந்தாம் கட்டம் அந்த அக்டோபரில்தான் தொடங்கியது. 2007-இல் மாநகராட்சியோடு சேர்த்த 110 கிராமங்களுக்கு அதிலிருந்துதான் தண்ணீர். அதற்கு முன் அங்கே டேங்கர் லாரிதான். அப்பகுதியில் கட்டட வேலைக்கு வட கர்நாடகத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் தகரக் கொட்டகைகளில் இருக்கிறார்கள். நம் முன்னோர் தண்டுக்கு வந்த மாதிரியே வந்தவர்கள். தண்ணீர் விஷயத்தில் அவர்கள் இன்னும் 1896-க்கு முன்னால் நிற்கிறார்கள். அந்த மார்ச்சில் விடிகாலை ஐந்து மணிக்குக் குடத்தோடு வரிசையில் நின்ற கலபுர்கிப் பெண் ஒருத்தியிடம் பேச்சுக் கொடுத்தேன். லாரி எத்தனை மணிக்கு வரும் என்று அவளுக்கும் தெரியாது. எத்தனை பிள்ளைகள் என்று கேட்டேன். மூன்று என்றாள். பழக்கதோஷத்தில், பெற்றது எத்தனை என்று மறுபடி கேட்டுவிட்டேன். புரியாமல் என்னைப் பார்த்து, "மூணுதான்" என்றாள்.